என் மகனாக நடித்த கோடை

ஏப்ரல் 4

அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். சுரங்கப் பாதை மலையின் பாதி வரை போய்விட்டது. தூசியையும் இருமலையும் தவிர வேறு தொந்தரவில்லை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிற சிக்கனமெல்லாம் வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பேத்தி மிளகுவுக்கு விடுதிப் பள்ளியில் இடம் பேசி முடித்துவிட்டேன். ஜூன் முதல் வாரம் சேர வேண்டும். கணக்கில் ஒரு தேர்வு வைப்பார்கள். அவள் கணக்கு எந்த லட்சணத்தில் இருக்கிறதென்று பத்தாம் வகுப்பு அரையாண்டு மதிப்பெண்ணே சொல்லிவிட்டது. தெருமுனைப் பள்ளியில் கோடை வகுப்பு நடத்துகிறார்களாமே, உடனே அதில் சேர்த்துவிடுங்கள்.

அவள் போன பிறகு வீட்டைப் பூட்டிவிடலாம். நீங்கள் அக்கா வீட்டில் இருந்துகொள்ளுங்கள். அக்காவிடம் பேசிவிட்டேன். மாடியறை காலியாகத்தான் இருக்கிறது.

மிளகு குதிப்பாள். குதிக்கட்டும். பதினைந்து வயதில் எல்லாரும் குதிப்பார்கள். நீங்கள் அவளோடு சேர்ந்துகொண்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டாம். கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதிய காலமெல்லாம் யார் பக்கமாவது பேசினீர்களா? அதே மாதிரி இருங்கள், போதும்.

போன் இங்கே எடுக்காது. சாமான் ஏற்ற வாரம் ஒரு முறை போகும் வண்டியில்தான் தபால். சுருக்கமாகப் பதில் எழுதுங்கள்.

உங்கள் மகன்


ஏப்ரல் 13

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். என் முழங்கால் முன்பைவிட மோசமில்லை. நன்றாக இருக்கிறது என்று எழுதினால் பொய்யாகிவிடும். இருமலுக்கு வெந்நீர் குடிக்கிறாயா? இரவில் அதிகமாகிறதா, காலையிலா என்று நீ எழுதவில்லை.

நீ சொன்னபடியே மிளகுவைக் கோடை வகுப்பில் சேர்த்துவிட்டேன். சனியும் ஞாயிறும் காலையில் நடக்கிறது. வீட்டிலிருந்து ஒருவர் கூடவே வர வேண்டும் என்பது அங்கே விதி. நான் போகிறேன். முதல் நாள் எங்கள் எல்லோரையும் அறையைச் சுற்றி நடக்கச் சொன்னார்கள். நான் சற்று மெதுவாக நடந்தேன். யாரும் குறை சொல்லவில்லை. டீச்சர் நல்ல பெண். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

விடுதி பற்றி நீ எழுதியதை மிளகுவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். தட்டுக் கழுவும்போது கொஞ்சம் சத்தம் கேட்டது. எவர்சில்வர்தான், உடையவில்லை.

வீட்டைப் பூட்டுவது பற்றி. ஜன்னல்களுக்குப் புதுக் கொக்கி போட வேண்டியிருக்கும். அதைத் தவிர எனக்கு என்ன சொல்ல இருக்கிறது? உன் இஷ்டம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா


ஏப்ரல் 24

அப்பாவுக்கு,

நலம். இருமல் இரவிலும் வருகிறது, காலையிலும் வருகிறது. அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஜன்னல் கொக்கி இருக்கிறது, எவர்சில்வர் தட்டு இருக்கிறது, கணக்கு என்ற வார்த்தை மட்டும் எங்கேயும் இல்லை. கணக்கு வகுப்பில் எதற்கய்யா நடக்கச் சொல்கிறார்கள்? எத்தனை பாடம் ஆயிற்று? யார் நடத்துகிறார்கள்? வீட்டு ஆள் எதற்குக் கூட வர வேண்டும், அவள் என்ன பாலர் பள்ளியிலா இருக்கிறாள்?

சின்ன வயதிலிருந்து எனக்கு உங்களிடம் பிடிக்காதது இதுதான். எதையும் மறுக்கவும் மாட்டீர்கள், சொல்லவும் மாட்டீர்கள். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் வேண்டும். அது என்ன வகுப்பு?

மகன்


மே 2

அன்புள்ள மகனுக்கு,

இருவரும் நலம். நீ நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இதைப் படித்த பிறகு நீ நலமாக இருக்கப் போவதில்லை.

அது கணக்கு வகுப்பு இல்லை. நாடக வகுப்பு.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். பள்ளிக்கூட வராந்தாவில் இரண்டு வரிசைகள் நின்றன. நான் ஒன்றில் போய் நின்றேன். எந்த வகுப்பு என்று கேட்டிருக்க வேண்டும். என்னால் பின்னால் நிற்பவர்களுக்குத் தாமதமாகுமே என்று கேட்கவில்லை. பாதி தூரம் நகர்ந்ததும் கழுத்தில் விசில் மாட்டிய ஓர் இளம்பெண் கையில் டம்ளருடன் வந்தாள். "வாங்க சார், முதல்ல டீ குடிங்க. தாத்தாவும் பேத்தியுமா? ஜோடிப் பொருத்தம் பிரமாதம்!" என்றாள். குடித்தேன். முக்கால் டம்ளர் குடித்த பிறகுதான் சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்தேன். 'வளரிளம் பிள்ளைகளுக்கும் குடும்பத்தாருக்கும் நாடகப் பயிற்சி.' கணக்கு, பக்கத்து வரிசை.

ஒருவர் அன்பாகக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு அவர் கண் முன்னால் எப்படி வரிசை மாறுவது? உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. மிளகுவைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு முன்பே படித்துவிட்டாள் என்பது பின்னால் தெரிந்தது.

உன்னிடம் மறைத்தது தவறு. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. எழுத உட்காரும்போது பேனா வேறு பக்கம் போய்விடுகிறது.

வகுப்பின் விதியையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நடந்த ஒன்றையோ நடக்கப் போகிற ஒன்றையோ நடிக்க வேண்டும். யாரும் தன்னையே நடிக்கக் கூடாது, வீட்டிலுள்ள இன்னொருவராக நடிக்க வேண்டும். அவர் சொல்லமாட்டார் என்று தெரிந்த வார்த்தையை அவர் வாயில் வைக்கக் கூடாது. மிளகு என்னை எடுத்துக்கொண்டாள். எனக்கு மிஞ்சியது நீ.

அவள் தேர்ந்தெடுத்த காட்சி, நீ விடுதி பற்றிச் சொல்வது. நான் கத்த வேண்டும். எனக்குக் கத்த வரவில்லை. "என்ன தாத்தா இது, அப்பா இப்படியா கத்துவாரு? கீரைக்காரம்மாவைக் கூப்பிடற மாதிரி இருக்கு. அடிவயித்துலேருந்து வரணும்" என்று மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்ப் பழக்குகிறாள். நேற்றுப் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து, "ஐயா, உங்க பையன் வந்திருக்காரா? ஏதாவது தகராறா?" என்று கேட்டார். நான்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். மிளகுவுக்கு ஒரே சந்தோஷம்.

உனக்கு இதில் வருத்தமிருந்தால் எழுது.

அன்புடன்,
அப்பா


மே 11

அப்பாவுக்கு,

வருத்தமிருந்தால் எழுதவா? வருத்தமில்லை, கோபம். சுரங்கத்துக்குள் வெடி வைக்கிற நேரத்தில் இதைப் படித்திருந்தால் யாராவது செத்திருப்பார்கள்.

நான் இங்கே மலைக்குள் புழுதி தின்று கிடக்கிறேன். அங்கே நீங்களும் உங்கள் பேத்தியும் என்னை மேடையேற்றிச் சிரிக்கிறீர்கள். அவள் சின்னப் பெண், விடுங்கள். உங்களுக்கு எங்கே போயிற்று புத்தி? ஒரு டம்ளர் டீக்காக என் பெண்ணின் படிப்பையா அடகு வைத்தீர்கள்?

அந்த வகுப்பு இன்றோடு நிற்க வேண்டும். நம் வீட்டு விஷயத்தைத் தெருவில் காயப்போட நான் சம்மதிக்கமாட்டேன். மிளகு வீட்டிலேயே உட்கார்ந்து கணக்குப் போடட்டும். ஜூன் முதல் வாரத்தில் எந்த மாற்றமும் இல்லை.

அவள் அம்மா இருந்திருந்தால்

அதை விடுங்கள். வகுப்பை நிறுத்திவிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

மகன்


மே 17

அப்பா,

மிளகு எழுதறேன். நீங்க நலமான்னு கேக்கமாட்டேன். லெட்டர்லயே இவ்வளவு கத்தறீங்களே, நலமாத்தான் இருப்பீங்க. நாங்க நலமான்னு நீங்க கேக்கறதே இல்ல. தாத்தாவோட முழங்கால் நலமான்னு கேக்கறீங்க. முழங்காலுக்கு மேல மனுஷன் ஒருத்தர் இருக்கார், அவர் பக்கத்துல நான் இருக்கேன்.

வரிசை மாத்தி நின்னது தாத்தா தப்பு இல்ல. நான் பாத்துட்டேன், சொல்லல. தாத்தாவைத் திட்டாதீங்க. உங்க லெட்டர் வந்தா அவர் சாப்பிடறதில்ல. பசிக்கலைனு சொல்வார். எனக்குத் தெரியாதா?

உங்களைக் கேலி பண்றதுக்கு நாடகம் போடல. அம்மா போனப்புறம் நீங்க இந்த வீட்ல ஒரு ராத்திரிகூடத் தங்கல. வாசல்ல நின்னு செலவுக்குக் கொடுத்துட்டு, வண்டி நிக்குதுன்னு சொல்லிட்டுப் போயிடறீங்க. நீங்க எப்படிப் பேசுவீங்கன்னே எனக்கு மறந்துபோயிடும் போல இருந்துச்சு. தாத்தா உங்களை மாதிரிக் கத்தினா, வீட்ல நீங்க இருக்கற மாதிரி இருக்கு. அவ்வளவுதான்.

என்னை விடுதியில போட்டு, தாத்தாவை அத்தை வீட்டு மாடியில போட்டு, வீட்டைப் பூட்டிட்டா, அம்மா செத்தது அதுக்குள்ள பூட்டிக்குமா?

பதில் எழுத வேண்டாம். எழுதினா நலமான்னு ஆரம்பிங்க.

மிளகு


மே 24

அன்புள்ள மகனுக்கு,

இருவரும் நலம். மிளகு உனக்கு ஏதோ எழுதிப் போட்டாளாம். என்ன எழுதினாள் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உனக்கு மனம் கஷ்டப்பட்டிருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கேட்ட ஒரு வரியை என்னால் எழுத முடியவில்லை. வகுப்பை நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும் என்றுதான் போன சனிக்கிழமை போனேன். டீச்சரிடம் சொல்லும் வாக்கியத்தைக்கூட வழியில் தயார் செய்துகொண்டேன். அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். நான் நீயாக நின்றேன். மிளகு என் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் உட்காருவது போலவே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். முதுகு எனக்கு இவ்வளவு வளைந்திருக்கிறதா என்று நினைத்தேன். "ஜூன் மாசம் அவ கிளம்பணும். வீட்டைப் பூட்டறோம்" என்று கத்தினேன். அவள் தலையாட்டி, "உன் இஷ்டம்ப்பா" என்றாள். மறுபடி செய்யச் சொன்னார்கள். மறுபடி கத்தினேன். "உன் இஷ்டம்ப்பா." எத்தனை முறை என்று தெரியவில்லை. ஒவ்வொரு முறையும், இந்தத் தடவை இந்தக் கிழவன் முடியாது என்று சொல்லிவிடுவான் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. உன் கோபமாக நடித்தது அல்ல, என் கோபம். அது எனக்குப் பழக்கமில்லாத சாமான். எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்: "ஏம்மா, உனக்குத்தான் விடுதிக்குப் போக இஷ்டமில்லையே. ஒரு தடவையாவது முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே?"

"நான் நானா இருந்தா சொல்லியிருப்பேன் தாத்தா. நான் நீங்களாத்தானே நடிக்கிறேன்! நீங்க சொல்லமாட்டீங்களே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பது போலச் சொன்னாள்.

விடுதி பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

வரும் ஞாயிறு, முப்பத்தொன்றாம் தேதி, பள்ளிக்கூடத்தில் நாடகங்கள். குடும்பத்தார் எல்லோரும் வரலாம்.

அன்புடன்,
அப்பா


ஜூன் 1

அப்பாவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

நேற்று வந்திருந்தேன். மிளகுவைக் கையோடு கூட்டிப்போய்விடலாம் என்று வந்தேன். வீடு பூட்டியிருந்தது. சாவி என் பையிலேயே இருக்கிறது. திறக்கவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

பள்ளிக்கு வந்து கடைசியில், தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றேன். நீங்கள் என் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றீர்கள். உங்களுக்கு அது தொளதொளவென்று இருந்தது. "வாயைத் திறங்களேன்! கல்லு மாதிரி உக்காந்திருந்தா என்ன அர்த்தம்?" என்று கத்தினீர்கள். அது நான் சொன்னதுதான். அவள் அம்மா போன மறுநாள் உங்களிடம் சொன்னது. அதை ஒரு எழுத்துக்கூட மாறாமல் நினைவில் வைத்திருப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. கோர்ட் புத்தி போகுமா?

எல்லாரும் சிரித்தார்கள். என் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், "எங்க வீட்டுக்காரரும் இதே டிசைன்தான்" என்று என்னிடமே சொல்லிச் சிரித்தாள். நானும் தலையாட்டினேன். என் பெண் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உங்களைப் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வண்டியில் ஏறி வந்துவிட்டேன்.

போதும் அப்பா. உங்கள் இருவருக்கும் நான் ஒரு கேலிப் பொருள் என்று தெரிந்துவிட்டது. கணக்குத் தேர்வு வேண்டாம் என்று விடுதியில் பேசிவிட்டேன். வரும் ஞாயிறு சாமான் வண்டி நம் தெருவுக்கு வரும். அவளைப் பெட்டியோடு ஏற்றிவிடுங்கள். டிரைவர் நம்பிக்கையான ஆள், அவர் சம்சாரமும் கூட வருகிறார். நேராக விடுதியில் இறக்கிவிடுவார்கள். இனி இதில் பேச்சுக்கு இடமில்லை.

மகன்


ஜூன் 7

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ நலமில்லை. அது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

வண்டி உன்னிடம் காலியாக வரும். இந்தக் கடிதம் அதில் வரும். டிரைவரைத் திட்டாதே. அவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். வாசலில் வண்டியை நிறுத்தி, "ஐயா, பாப்பாவை வரச் சொல்லுங்க. பெட்டி எங்க?" என்றார்.

பெட்டி தயாராக இருந்தது. நான் கட்டவில்லை. மிளகு தானே கட்டி, அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, குதிக்கவில்லை. என் பேத்தி தன் துணிகளைத் தானே மடித்து வைத்திருந்தாள், ஏனென்றால் தாத்தா தடுப்பார் என்ற எண்ணமே அவளுக்கு வரவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு உன் மேல் வந்த கோபம் கொஞ்சம், என் மேல் வந்தது அதிகம். இரண்டையும் பிரித்துக்கொண்டிருக்க நேரமில்லை. வாசலுக்குப் போனேன்.

"அவ வரமாட்டா" என்றேன்.

"வரமாட்டான்னா? சாரு ஏத்திட்டு வரச் சொன்னாரே."

"ஏத்த முடியாது."

"ஐயா, வெறும் வண்டியோட போய் நின்னா சாரு என்னைக் கடிச்சுத் துப்பிடுவாரு. நீங்க பெரியவங்க, உங்க தகராறுல எங்களை ஏன் இழுக்கறீங்க?"

"அவனுக்கு நான் எழுதித் தர்றேன். நில்லுங்க."

"இப்ப உக்காந்து எழுதப் போறீங்களா? வெயில்ல நான் எவ்வளவு நேரம்..."

"நில்லுங்கன்னா நில்லுங்க!"

தெருவே திரும்பிப் பார்த்தது. டிரைவரின் சம்சாரம் வண்டிக்குள்ளிருந்து, "அதான் ஐயா சொல்றாரில்ல, இன்ஜினை ஆஃப் பண்ணு" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து, நாடகம் முடிஞ்சுபோச்சே என்று கேட்டார். முடிந்துவிட்டது, இது நாடகமில்லை என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

இப்போது உனக்கு எழுதுகிறேன். அடித்தல் திருத்தல் இருந்தால் இருக்கட்டும்.

நாங்கள் உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரித்தவர்கள் அவரவர் வீட்டை நினைத்துச் சிரித்தார்கள். கடைசியில் நின்று பார்த்த உனக்கு அவள் தலையாட்டியது தெரிந்தது. பக்கத்தில் நின்ற எனக்கு அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. கல் மாதிரி உட்கார்ந்திருந்தால் என்ன அர்த்தம் என்று நான் மேடையில் கேட்டது, உன் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னைக் கேட்டது. நீ அன்று கேட்டபோது பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்று வந்திருக்கிறது. கேட்டுக்கொள்.

மிளகு விடுதிக்குப் போகமாட்டாள். நேற்றுத் தெருமுனைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கணக்குக்கு அங்கேயே மாலையில் தனியாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள், அதற்கும் சேர்த்திருக்கிறேன். இந்த முறை சரியான வரிசைதானா என்று முன்னால் நின்றவர், பின்னால் நின்றவர் இருவரையும் கேட்டுக்கொண்டேன். உன் அக்கா வீட்டு மாடியறைக்கு நான் போகமாட்டேன். வீட்டைப் பூட்டமாட்டோம்.

சாவி பையிலிருந்தும் கதவைத் திறக்கவில்லை என்று எழுதினாயே. ஏன் என்று கேட்காதீர்கள் என்றும் எழுதினாய். நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவது எங்களுக்கு மட்டும் சுலபம் என்று நினைத்தாயா? அந்தப் பெண் தினமும் பள்ளி விட்டு வந்து, அம்மா இல்லாத அந்தக் கதவைத் தள்ளித்தான் உள்ளே வருகிறாள். அவள் அம்மாவின் அறையைப் பெருக்குகிறாள். ஜன்னலைத் திறந்து வைக்கிறாள். அப்புறம் எனக்கு டீ போட்டுத் தருகிறாள். பதினைந்து வயதில் அவள் செய்வதை நீ ஒரு நாள் செய்யவில்லை. உன் துக்கத்துக்கு ஒரு மலையையே குடைந்துகொண்டு உள்ளே போய்விட்டாய். எங்களையும் ஆளுக்கொரு பக்கம் அனுப்பிவிட்டால், அந்தக் கதவைத் திறக்க உலகத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள், இல்லையா? அதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். நான் உயிரோடிருக்கும் வரை சம்மதிக்கமாட்டேன்.

உன்னிடம் இவ்வளவு கடுமையாக நான் பேசியதில்லை. எழுதியதைப் படித்துப் பார்த்தால் கிழித்துவிடுவேன் என்ற பயம் இருக்கிறது. அதனால் படிக்கப் போவதில்லை. அப்படியே மடித்துக் கொடுக்கிறேன்.

மிளகு அடுக்களையில் டிரைவருக்கும் அவர் சம்சாரத்துக்கும் தண்ணீர் எடுத்துக்கொண்டிருக்கிறாள். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. வண்டி கிளம்புகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிரிப்பாள் போலிருக்கிறது. என்னை நம்பாததற்கு அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

அவளைப் பார்க்க வேண்டுமென்றால் வண்டி அனுப்பாதே. நீ வா. வாசலோடு போகாமல் உள்ளே வந்து உட்கார். அழ வேண்டுமென்றால் அழு. இங்கே யாரும் உன்னைப் பார்த்துச் சிரிக்கமாட்டோம்.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். அடிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா